விலை போடாமல் "ஆஃபர் சொல்லுங்கள்" என்று பழைய வாட்ச் விற்பது சரிவருமா?

மே 4, காலை (கேள்வி)

மூன்று வாட்ச் விற்பனைக்கு இருக்கிறது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 145.022-69, சீக்கோ 6139 ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்), அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் குரோனோகிராஃப் (உள்ளே ஓடும் இயந்திரம், அதாவது மூவ்மென்ட், வால்ஜூ 72; சாவி கொடுப்பது). மூன்றுக்குமே விலை போடாமல் "நியாயமான ஆஃபர் வரவேற்கப்படும்" என்று மட்டும் எழுதப் போகிறேன். விலை போட்டால் அதுதான் உச்சம், அதற்கு மேல் ஒரு காசு தர மாட்டார்கள். போடாவிட்டால் உண்மையான மதிப்பைச் சந்தையே சொல்லிவிடும். இந்தக் கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

மே 4, மாலை

ஓட்டை இருக்கிறது. விலை போட்டால் அதற்கு மேல் ஏறாது என்பது சரி. போடாவிட்டால் எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு எல்லையே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பேரத்தில் முதலில் விழும் எண் மற்ற எல்லா எண்களையும் தன் பக்கம் இழுக்கும். உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானெமனும் 1974-இல் எழுதியது இதைத்தான். 2001-இல் கலின்ஸ்கியும் முஸ்வைலரும் பேரங்களிலேயே சோதித்துப் பார்த்து, முதல் எண்ணைச் சொன்னவருக்கே பொதுவாக முடிவு சாதகமாக அமைகிறது என்றார்கள். "ஆஃபர் சொல்லுங்கள்" என்றால் அந்த முதல் எண்ணை வாங்குபவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

145.022 போன்ற வாட்ச் ஏராளமாகக் கைமாறியிருக்கிறது. என்ன விலைக்குப் போகும் என்று வாங்குபவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்கே விலை போடாமல் விட்டால், விற்பவருக்கு விவரம் தெரியாது அல்லது பணம் அவசரம் என்றுதான் படிப்பார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள்தான் முதலில் வருவார்கள்.

மதிப்பு உங்களைவிட வாங்குபவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தால் மட்டும் கதை மாறும். அப்போது நீங்கள் சொல்லும் முதல் எண்ணே பாதி விலையாகிப் போகலாம். மூன்றில் வால்ஜூ 72 மட்டும் இந்த வகையில் வரலாம்.

மே 5

"அப்படியானால் பெரிய ஏல நிறுவனங்கள் ஏன் விலை போடுவதில்லை?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

போடுகிறார்கள். குறைந்த மதிப்பீடு, உயர்ந்த மதிப்பீடு என இரண்டு எண் அச்சாகும். அதற்குக் கீழ் விற்க மாட்டோம் என்ற ரகசிய அடிவிலையும் இருக்கும், அது பெரும்பாலும் குறைந்த மதிப்பீட்டைத் தாண்டாது. நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 6239, 2017 அக்டோபரில் நியூயார்க் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்தபோது, பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று மட்டும் அறிவித்திருந்தார்கள். தொலைபேசியில் வந்த முதல் ஏலத் தொகையே ஒரு கோடி டாலர். கட்டணங்கள் சேர்த்து 1,77,52,500 டாலரில் முடிந்தது.

இதைக் காட்டி, விலை போடாததால்தான் ஏறியது என்று பலர் வாதாடுகிறார்கள். விலை ஏறியதற்குக் காரணம், ஒருவர் கேட்பதை மற்றவர் அதே நொடியில் பார்த்ததும், தோற்க மனமில்லாத பணக்காரர்கள் ஒன்றுக்கு மேல் இருந்ததும்தான். பேரத் திறமை எவ்வளவு இருந்தாலும், கூடுதலாக ஒரே ஒரு போட்டியாளர் வருவது அதைவிட மேல் என்று பொருளியலாளர்கள் புலோவும் கிளெம்பரரும் 1996-இல் கணித முறையில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் இன்பாக்ஸில் வரும் ஐந்து பேருக்கு மற்ற நால்வர் இருப்பதே தெரியாது. ஏலத்தின் உயிர் அந்தத் தெரிதலில்தான் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் ஏலப் பலனை எதிர்பார்க்க முடியாது.

மே 7

ஆஃபர் கேட்பதானாலும் விலை போடுவதானாலும், உங்களுக்கென்று ஒரு எண் முதலில் வேண்டும். ஆஃபர் முறை அந்த வேலையை மிச்சப்படுத்தாது. கணக்கு இப்படி:

விற்பவர்கள் கேட்கும் விலைகளைத் தள்ளுங்கள், விற்று முடிந்த விலைகளை மட்டும் எடுங்கள். ஏல முடிவுகளில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கும். முடிவு 100 என்று அச்சாகி, அந்தக் கட்டணம் 25 விழுக்காடு என்றால் சுத்தியல் விழுந்தது 80-இல். விற்பவரிடம் 10 விழுக்காடு கமிஷன் பிடித்தால் அவர் கைக்கு வந்தது 72. அதாவது நேரடி விற்பனையில் 72-க்கும் 100-க்கும் இடையில் எங்கே விலை படிந்தாலும் இருவருக்குமே ஏலத்தைவிட லாபம். பேரம் நடக்கவேண்டிய இடம் இந்த 28 புள்ளிதான். 100-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள். 72-க்குக் கீழ் வரும் ஆஃபரைப் பார்த்துக் கோபப்படத் தேவையில்லை, பதில் போடாமல் விட்டால் போதும்.

பிறகு நிலைமைக்கு ஏற்பக் கூட்டுங்கள், கழியுங்கள். டயல் மாற்றப்பட்டதா, மீண்டும் அச்சடிக்கப்பட்டதா, கேஸ் பாலிஷ் ஆகியிருக்கிறதா, முட்களும் கிரவுனும் (சாவி கொடுக்கும் குமிழ்) அந்தக் காலத்தவையா. விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி டயலில் இருக்கிறது. மூவ்மென்ட் ஓடாவிட்டால் சர்வீஸ் செலவோடு போகும், டயல் கெட்டால் திரும்பாது.

மே 8

ஸ்பீட்மாஸ்டர் விஷயம். 145.022 என்றாலே காலிபர் (மூவ்மென்ட் வகை எண்) 861, 1968 முதல். அதற்கு முந்தைய 105.012, 145.012 இரண்டிலும் காலிபர் 321. 321-இல் குரோனோகிராஃபை இயக்குவது தூண் சக்கரம் (column wheel), மணிக்கு 18,000 துடிப்பு. 861-இல் கேம் (வளைவுத் தகடு), 21,600. பின்மூடியின் உட்புறம் 145.022-69 என்று இருக்கவேண்டும், சீரியல் எண் மூவ்மென்ட்டின் பாலத்தில் (சக்கரங்களைத் தாங்கும் தகடு). இரண்டையும் படமெடுங்கள்.

பெசலை, அதாவது கண்ணாடியைச் சுற்றிய வளையத்தைப் பாருங்கள். அதில் உள்ள டாக்கிமீட்டர் வேக அளவில் 90 என்ற எண்ணின் மேலே புள்ளி இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா? மேலே இருந்தால் அது பழைய வகை, தனியாகவே நல்ல விலை போகும். வெறும் ஆஃபர் கேட்டு விளம்பரம் போட்டால் முதலில் மூக்கு நுழைப்பவர்களில் ஒரு பகுதி இந்தப் பெசலுக்காகவும் பழைய 1039, 1171 பட்டைகளுக்காகவும் வருபவர்கள். முழு வாட்சின் விலையில் வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, பிறகு வந்த பெசலைப் போட்டு மறுபடி விற்பார்கள். சட்டப்படி தவறில்லை. ஆனால் அவர்கள் தரும் எண் உங்கள் வாட்சின் மதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

மே 8, இரவு (வேறொரு வாசகர்)

சீக்கோ பற்றி நான் சேர்க்கிறேன். 6139-க்குப் பின்மூடியில் உள்ள சீரியலின் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது மாதம். அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. ஆண்டு பத்தாண்டுக்கொரு முறை திரும்பி வரும், 6139 வெளிவந்ததே 1969 என்பதால் முதல் இலக்கம் 6 என்றால் 1976, 1966 ஆகாது. இதைத் தவறாக எழுதினாலே விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இந்த மாடலுக்கு இன்று புதிதாக அச்சடித்த டயல்களும் முட்களும் குவிந்து கிடக்கின்றன. மஞ்சள் டயல் 6139-களை விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையப் பயணத்தில் அணிந்த வாட்சோடு சேர்த்துப் பேசுவதால், அந்த நிறத்தில் போலி டயல் இன்னும் அதிகம். அச்சின் கூர்மை, லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு) திட்டுகளின் ஓரம், டயலின் அடியில் உள்ள பொடி எழுத்து எண் ஆகிய மூன்றையும் நெருக்கமாகப் படமெடுத்துப் போட்டால் பாதிக் கேள்வி வராது. இதற்கு ஆஃபர் கேட்கவே வேண்டாம், விலை போடுங்கள். விற்ற விலைகள் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

மே 9

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும். 6139-இல் குரோனோகிராஃப் ஓடும்போதும் நிற்கும்போதும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு (அது இருபுறமும் ஆடும் கோணம்) பெரிதாக மாறாது, அதில் இருப்பது செங்குத்து கிளட்ச். 861-இலும் வால்ஜூ 72-இலும் குரோனோகிராஃபை ஓடவிட்டால் வீச்சு இறங்கும். அதனால் அந்த இரண்டையும் டைம்கிராஃபரில் (ஓட்டத்தை அளக்கும் கருவி) இரு நிலையிலும் அளந்து படம் போடுங்கள்.

மே 9, பிற்பகல்

"கடைசி விலை என்ன?" என்ற ஒற்றை வரிச் செய்திக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எண் சொல்லாதீர்கள். சொன்ன நொடியில் அதுதான் உங்கள் விலை, அதிலிருந்துதான் குறைக்கத் தொடங்குவார். "குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு, வெளியிடுவதில்லை. உங்கள் ஆஃபரை இந்தத் தேதிக்குள் எழுதுங்கள்." இவ்வளவு போதும். ஆழம் பார்க்க வந்தவர் திரும்ப எழுத மாட்டார்.

மே 11

இப்போது வால்ஜூ 72. மே 4-இல் "வரலாம்" என்று தயங்கி எழுதியதை இன்று உறுதியாகவே சொல்கிறேன், இதற்கு ஆஃபர் முறைதான் பொருத்தம்.

இந்த மூவ்மென்ட் குடும்பம்தான் ஹாயர் கரேரா 2447-லும், ரோலெக்ஸ் மாற்றியமைத்த வடிவில் முதல் டேடோனாக்களிலும் ஓடியது. எனிகார் ஷெர்பா கிராஃப் போன்றவற்றிலும் உண்டு. டயலில் உள்ள பெயர் தெரியாத கம்பெனி என்றால் ஒப்பிட விற்பனை விவரம் ஓரிரண்டுதான் கிடைக்கும், அதுவும் பழையதாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட டயல் அமைப்பை நெடுநாளாகத் தேடும் ஒருவர் இருந்தால் அவர் தரும் விலை நீங்கள் போடக்கூடிய எந்த விலையையும் தாண்டும். அவர் இல்லாவிட்டால் மூவ்மென்ட்டைக் கழற்றி எடுக்க வருபவரின் விலைதான் உங்களுக்குத் தரை. அந்த எண்ணை முன்கூட்டியே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்: தனி வால்ஜூ 72 மூவ்மென்ட் ஒன்று என்ன விலைக்குப் போயிருக்கிறது? அதற்குக் கீழ் எந்த ஆஃபரையும் பேச வேண்டாம்.

மதிப்பு நிச்சயமில்லாத பொருளுக்கு அனுபவமுள்ளவர்கள் தாங்கள் நினைக்கும் விலையைவிடக் குறைத்தே கேட்பார்கள். போட்டியில் ஜெயித்தவரே அதிகமாகக் கொடுத்துவிட்டவர் என்ற பயம் அது. எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து 1971-இல் எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்பல் மூவரும் இதை விளக்கினார்கள். நிச்சயமின்மை குறையக் குறைய அவர்கள் கழிக்கும் தொகையும் குறையும். எனவே ஆஃபர் கேட்டு விற்பவர், விலை போட்டு விற்பவரைவிட இரண்டு மடங்கு ஆதாரம் காட்டவேண்டும். நடைமுறையில் நடப்பது தலைகீழ். ஆஃபர் கேட்கும் விளம்பரங்களில்தான் மூன்று மங்கலான படம் இருக்கும்.

மே 11, இரவு

என்னென்ன படம்: டயல் நேராக, பிரதிபலிப்பு இல்லாமல். சாய்த்த ஒளியில் இன்னொன்று, டயலின் பரப்பில் உள்ள மேடுபள்ளம் அதில்தான் தெரியும். நான்கு காதுகளும் (பட்டை மாட்டும் முனைகள்) தனித்தனியே, விளிம்புக் கோடு மழுங்கியிருக்கிறதா என்று காட்ட. கிரவுன், புஷர்கள் (குரோனோகிராஃப் பொத்தான்கள்). பின்மூடியின் உள்ளும் புறமும். மூவ்மென்ட் முழுதாக ஒன்று, எண்கள் படிக்கும்படி ஒன்று. புற ஊதா விளக்கின் கீழ் லூம்.

லூம் படத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், அந்தக் காலத்து லூமை ஒளிரவைத்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1970-இல் பூசியது இன்று இருட்டில் தானாக ஒளிராது. விளக்குக்குக் கீழ் கொஞ்சம் மின்னி, விளக்கை எடுத்ததும் அணைந்துவிடும். நின்று நிதானமாக ஒளிர்ந்தால் லூம் புதிதாகப் பூசப்பட்டது, அல்லது டயலே சர்வீஸில் மாற்றப்பட்டது. "அருமையாக ஒளிர்கிறது" என்று பெருமையாக எழுதுபவர் தன் வாட்சின் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறார். அதற்கும் முந்தைய ரேடியம் டயலாக இருந்தால் கண்ணாடியைத் திறந்து சுரண்டவோ ஊதவோ வேண்டாம். ஒளி போனாலும் கதிரியக்கம் போவதில்லை, ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டு.

டைம்கிராஃபர்: முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே என்று குறைந்தது மூன்று நிலையில். படுக்கை நிலையில் வீச்சு 270 டிகிரியைத் தாண்டினால் நல்லது, 220-க்குக் கீழே போனால் சர்வீஸ் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பழைய சீக்கோக்கள் இயல்பிலேயே சற்றுக் குறைவாகக் காட்டும். பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வித்தியாசம்) 1 மில்லி விநாடிக்குள். கருவியில் லிஃப்ட் ஆங்கிளை (வீச்சைக் கணக்கிட உதவும் கோணம், மூவ்மென்ட்டைப் பொறுத்து மாறும்) சரியாக வையுங்கள். மலிவான கருவிகள் 52-இல் தொடங்கும், 861-க்கு 50. மாற்றாமல் விட்டால் உண்மையான 270, திரையில் 280 என்று விழும். விவரமானவர் அந்த 52-ஐப் படத்தில் பார்த்துவிட்டு மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

மே 12

"கம்பெனி ஆவணச் சான்று இருந்தால் இவ்வளவு படம் எதற்கு?"

இந்த எண்ணுள்ள மூவ்மென்ட் இந்தத் தேதியில் இந்த மாடலில் வெளியே போனது என்று மட்டுமே சான்று சொல்லும். இன்று அந்த மூவ்மென்ட்டைச் சுற்றி இருக்கும் டயலும் கேஸும் முட்களும் அதனுடையவைதானா என்று அதற்குத் தெரியாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஸ்பீட்மாஸ்டர் 2915-1-ஐ நினைத்துப் பாருங்கள். வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023-இல் தெரியவந்தது. அதன் பிறகு எந்தத் தாளையும் மட்டும் பார்த்து யாரும் முழு விலை தருவதில்லை, தரவும் கூடாது. சான்று இருந்தால் படங்களோடு சேர்த்துப் போடுங்கள்.

மே 14

ஆஃபர் முறையை நடத்தும் விதம். பலர் விளம்பரத்தைப் போட்டுவிட்டு, வருகிற ஆஃபரையெல்லாம் வாரக்கணக்கில் சேர்த்துவைத்து யோசிக்கிறார்கள். ஆஃபர் சூடு ஆறினால் போய்விடும்.

முடிவுத் தேதியும் நேரமும் விளம்பரத்திலேயே இருக்கவேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அபூர்வமான வாட்ச் என்றால் இன்னும் ஒரு வாரம், தேடுபவருக்குச் செய்தி போய்ச் சேரவேண்டும். ஆஃபர் எழுத்தில், ஒரே எண்ணாக. அனுப்பும் செலவும் காப்பீடும் யார் தலையில், பணம் எந்த வழியில், பார்த்துவிட்டுத் திருப்ப எத்தனை நாள் என்பதையும் முதலிலேயே நீங்கள் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 95 கொடுப்பவரும் 92 கொடுப்பவரும் உண்மையில் யார் மேல் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் எல்லோருக்கும் போகவேண்டும்.

மற்றவர்களின் எண்ணைச் சொல்வதா மறைப்பதா? மூடிய ஆஃபரில் ஒவ்வொருவரும் தன் உச்ச எண்ணிலிருந்து கொஞ்சம் இறக்கியே எழுதுவார். போட்டி குறைவாக இருந்தால் இன்னும் இறக்குவார். அதிகம் கேட்டவருக்குக் கொடுத்து, இரண்டாவது எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டால் எல்லோரும் உண்மையான எண்ணையே எழுதுவார்கள் என்று பொருளியலாளர் விக்ரி 1961-இல் காட்டினார். ஆனால் இரண்டாவது எண்ணை நீங்களே இட்டுக்கட்டவில்லை என்று வாங்குபவர் எதை வைத்து நம்புவார்? தனிநபர் விற்பனையில் அது நடக்காது.

எனக்குச் சரியென்று படுவது: முதல் சுற்று மூடியது. முடிவுத் தேதியில் மேலே உள்ள மூன்று பேரிடம் மட்டும் இப்போதைய உச்ச எண் இது என்று உண்மையைச் சொல்லி, ஒரு நாள் அவகாசத்தில் கடைசி எண் கேட்பது. இப்படித்தான் செய்வேன் என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டுச் செய்யுங்கள். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது மோசடி, அதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

மே 15 (வேறொரு வாசகர்)

மூன்று பேரே மொத்தம் வந்தால்? ஒருவரே வந்தால்?

மே 15

ஒருவரே வந்தால் அது ஏலம் இல்லை, சாதாரண பேரம். முதல் எண்ணும் அவருடையது. அப்போது உடனே எதிர் எண் சொல்லாமல், அவர் எண்ணையும் நீங்கள் சொல்ல நினைக்கும் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். இணைய விற்பனைத் தளங்களின் பேரப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இருவரும் சொன்ன எண்களின் நடுவில் வெட்டிக்கொள்ளும் பழக்கம் மிகப் பரவலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர் 50 கேட்டு, நீங்கள் 100 என்றால் பேச்சு 75-ஐச் சுற்றிவரும். உங்கள் அடிவிலை 80 என்றால் தொடங்கும்போதே தோற்றாயிற்று. நடுப்புள்ளி அடிவிலைக்கு மேல் விழும்படி சொல்ல வேண்டுமானால் 110-க்கு மேல் போகவேண்டும். அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லையென்றால் எதிர் எண்ணே சொல்லாமல், விற்ற விலை விவரங்களை அனுப்பிவிட்டு "இதைப் பார்த்து மீண்டும் எழுதுங்கள்" என்பது மேல்.

அதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று: முழு நூறுகளில் விலை போட்டால் ஆஃபர் சீக்கிரம் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது. முழு எண் என்றால் விற்பவருக்கு அவசரம் என்று படுகிறது போலும். ஸ்பீட்மாஸ்டருக்கு விலை போடும்போது இதை மனத்தில் வையுங்கள். தளத்தில் தானாக மறுக்கும் வரம்பு வசதி இருந்தால் அதை மே 7-இல் போட்ட கணக்கில் கைக்கு வரும் 72 என்ற அளவில் வையுங்கள்.

மே 17

பணம். ஆஃபர் சொல்ல யாருக்கும் செலவில்லை, அதனால் உச்ச ஆஃபர்காரர் கடைசி நேரத்தில் காணாமல் போவது இந்த முறையின் நிரந்தர நோய். ஏற்றுக்கொண்ட அன்றே 10 விழுக்காடு முன்பணம், மீதி இத்தனை நாளில் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் வரும்வரை இரண்டாவது நபரிடம் "விற்றுவிட்டது" என்று சொல்லாதீர்கள், "முதல் ஆஃபர் உறுதியாவதற்குக் காத்திருக்கிறேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பக் கேட்பவர், வேறொருவர் கணக்கிலிருந்து பணம் அனுப்புபவர், இரண்டையும் அப்படியே நிராகரியுங்கள். திருப்பும் உரிமை கொடுத்திருந்தால், அனுப்பும் முன் மூவ்மென்ட் எண்ணையும் டயலில் உள்ள ஒரு தனி அடையாளத்தையும் காணொளியில் பதிந்து, பின்மூடி விளிம்பில் கிழிந்தால் தெரியும் ஒட்டு ஒன்றைப் போடுங்கள். போனது ஒரு பெசல், திரும்பி வந்தது வேறு பெசல் என்பது நடக்கிற விஷயம்.

மே 19 (கேள்வி கேட்டவர்)

முடிவு: ஸ்பீட்மாஸ்டருக்கும் சீக்கோவுக்கும் விலை. வால்ஜூ 72-க்கு ஆஃபர். விளம்பர வாசகம் பார்த்துச் சொல்லுங்கள். "அபூர்வமான வாட்ச், விவரம் தெரிந்தவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும், நியாயமான ஆஃபர் மட்டும்."

மே 19, மாலை

மூன்று துண்டையும் எடுத்துவிடுங்கள். "அபூர்வம்" என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை, "விவரம் தெரிந்தவர்கள் மட்டும்" என்றால் அதிகம் தரக்கூடிய புதியவர் விலகிப் போவார், "நியாயமான" என்பதற்கு ஆளுக்கொரு அளவு. பதிலாக:

"வால்ஜூ 72, சாவி கொடுக்கும் குரோனோகிராஃப். டயல், முட்கள், லூம் மாற்றப்பட்டதற்கான அடையாளம் இல்லை, புற ஊதாப் படம் இணைப்பில். கேஸ் ஒருமுறையாவது பாலிஷ் ஆகியிருக்கிறது, காதுகளின் படம் பார்க்கவும். வீச்சு மூன்று நிலையில், குரோனோகிராஃப் ஓடும்போதும் நிற்கும்போதும், லிஃப்ட் ஆங்கிளோடு. எழுத்தில் ஒரே எண்ணாக ஆஃபர், முடிவுத் தேதி வரை. வெளியிடாத குறைந்தபட்ச விலை உண்டு. மேலே உள்ள மூவருக்கு ஒரு நாள் இறுதிச் சுற்று. ஏற்ற அன்றே 10 விழுக்காடு முன்பணம்."

டயல் மாற்றப்படவில்லை என்ற வரியை, பின்மூடியும் கண்ணாடியும் திறந்து பார்த்த வாட்ச்மேக்கர் சொன்ன பிறகு போடுங்கள். அதுவரை "என் பார்வையில்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே 20

முடிவு நேரம் எழுதும்போது எந்த நாட்டு நேரம் என்றும் எழுதுங்கள். வால்ஜூ 72 தேடுபவர் எங்கிருந்தும் வரலாம்.